மடக்கு ஹெட்போனில் கோளாறா? அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டறியும் வழிமுறை

மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளும் ஹெட்போனில் ஒலி நின்றுவிட்டால், பெரும்பாலோர் உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஸ்பீக்கர்தான் அதில் மிக அரிதாகப் பழுதாகும் உறுப்பு. முதலில் போவது வயர், அதற்கடுத்து காது மெத்தை, பிறகு கீல், அதாவது மடங்கும் மூட்டு. இந்த மூன்றில் வயரையும் மெத்தையையும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். கீல் உடைந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

மடங்குவதே பலவீனம் என்றும் சொல்லிவிட முடியாது. கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984இலும், சோனியின் எம்டிஆர்-7506 1991இலும் சந்தைக்கு வந்தன. இரண்டும் மடங்குபவை, இரண்டும் ஏறக்குறைய அதே வடிவில் இன்றும் விற்பனையாகின்றன. ஆகவே மடிப்பு இருக்கிறதா என்பதை விட, அந்த மடிப்பின் வழியாக வயர் எப்படிச் செல்கிறது, கீல் எதனால் ஆனது, திருகைக் கழற்றி உள்ளே பார்க்க முடியுமா என்பவையே ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

நம் மதுரைப் பக்கத்து அன்றாடப் பயன்பாடு சற்றுக் கடுமையானது. திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ காலை நேர நெரிசலில் நின்றபடி பெரியார் நிலையத்துக்கோ மாட்டுத்தாவணிக்கோ வந்து இறங்கும் ஒருவருடைய ஹெட்போன், வியர்வையில் நனைந்து, பகலெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே பையில் நசுங்கிக் கிடந்து, சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியை ஒட்டிய வெயிலையும் ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரத்தையும் மாறிமாறித் தாங்க வேண்டியிருக்கிறது. கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பல இந்த மூன்றிலிருந்து, அதாவது நசுங்கல், வியர்வை, வெப்பம் ஆகியவற்றிலிருந்து வருபவை.

எதையும் கழற்றும் முன்

கோளாறு ஹெட்போனில்தான் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதே ஹெட்போனை வேறொரு போனிலும், வேறொரு ஹெட்போனை இதே போனிலும் செருகிப் பாருங்கள். சட்டைப்பையிலும் பேண்ட் பையிலும் கிடக்கும் போனின் துளைக்குள் துணித்தூசி இறுகிப்போய், ஹெட்போனின் பின் (செருகும் முனை) முழுவதும் உள்ளே இறங்காமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடப்பது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் அந்தத் தூசி திரியாக வெளியே வரும். ஊசியோ குண்டூசியோ வேண்டாம். அதோடு, போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதிக்குள் இடது வலது ஒலியைச் சமன்செய்யும் ஒரு கோடு இருக்கும். அது ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் எந்த ஹெட்போனைப் போட்டாலும் ஒரு காது ஊமையாகத்தான் இருக்கும். வீட்டில் குழந்தைகள் போனை எடுத்து விளையாடுகிறார்கள் என்றால் இதை முதலில் பார்ப்பது நல்லது.

கருவிகளாக மின்தடையையும் வோல்ட்டையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், சிறிய ஸ்டார் திருப்புளி, சால்டரிங் அயர்ன், ஈயம் ஆகியவை போதும். டவுன்ஹால் ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், 3.5 மி.மீ. பின்னையும் அங்கேயே தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு காதில் மட்டும் ஒலி வரவில்லை

வயர் உள்ள ஹெட்போனில் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வயர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் வயர் பாதியில் இரண்டாகப் பிரிந்து, காதை மூடும் இடது வலது கிண்ணங்களுக்குத் தனித்தனியாகச் செல்லும். போர்ட்டா புரோ இந்த வகை. மற்றொன்றில் வயர் ஒரே கிண்ணத்துக்குள், பெரும்பாலும் இடது கிண்ணத்துக்குள் நுழைந்து, மற்ற காதுக்கான இழைகள் தலைப்பட்டையின் வழியாக இரண்டு கீல்களையும் கடந்து எதிர்ப்பக்கம் போகும். எம்டிஆர்-7506 இந்த வகை. முதல் வகையில் கீலுக்குள் வயரே இல்லை. ஆகவே ஒரு காது போனால் பின்னின் கழுத்தையும், கிண்ணத்துக்குள் வயர் நுழையும் இடத்தையும் பார்த்தால் போதும். இரண்டாவது வகையில் வயர் நுழையாத பக்கத்துக் காது போயிருந்தால் கீலின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அந்த இழைகள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கின்றன. செம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் அறுந்தே தீரும்.

சந்தேகத்தை இப்படிச் சோதிக்கலாம். ஒரு பாடலை ஓடவிட்டு, ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, முதலில் பின்னின் கழுத்தை நாலாபக்கமும் மெதுவாக வளையுங்கள். அடுத்து வயர் பிரியும் முடிச்சு. அடுத்து கிண்ணத்தின் வாய். கடைசியாக கீலைப் பாதியளவு மடக்கி விரியுங்கள். எந்த இடத்தைத் தொடும்போது ஒலி வந்து போகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. எந்த இடத்திலும் அசைவில்லை என்றால் வயர் முழுமையாக அறுந்துவிட்டது, அல்லது ஸ்பீக்கரில் கோளாறு. அப்போது மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, எதிலும் செருகாத நிலையில் பின்னைத் தொட்டுப் பாருங்கள். மூன்று பகுதிகள் உள்ள பின்னில் நுனி இடது காதுக்கும், நடு வளையம் வலது காதுக்கும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான வயருக்கும் உரியவை. நுனிக்கும் அடிக்கும் இடையே ஓர் அளவும், வளையத்துக்கும் அடிக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவும் வர வேண்டும். பல ஹெட்போன்களில் இது 32 ஓம் அளவில் இருக்கும். மேலே சொன்ன போர்ட்டா புரோ 60 ஓம், எம்டிஆர்-7506 63 ஓம். தொடும் கணத்தில் அந்தந்தக் காதில் ‘டிக்’ என்று ஒரு சத்தமும் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் அளவு வராவிட்டால் அந்தப் பக்கத்து இழை அறுந்திருக்கிறது. அளவு பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு இழைகள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதே சோதனையைக் கிண்ணத்தைத் திறந்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் நேரடியாகச் செய்து, அங்கே சரியான அளவு வந்தால் ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கிறது என்று நிம்மதி அடையலாம். கிண்ணத்தைத் திறக்க வேண்டிய திருகுகள் பெரும்பாலும் காது மெத்தைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

பின்னின் கழுத்தில் அறுந்திருந்தால், அங்கிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே வெட்டிப் புதிய பின் போடுவதே சுருக்கமான வழி. வயரின் மேலுறையை உரித்தால் உள்ளே மிக மெல்லிய செம்பு இழைகள் தெரியும்: சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறத்திலேயே இருப்பது பொது. அந்த நிறம் வெறும் சாயம் அன்று, மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு. இதைக் கவனிக்காமல் இழைகளை அப்படியே முறுக்கிப் பின்னில் பற்றவைத்துவிட்டு, புதிய பின்னும் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் பலர். அயர்னின் முனையில் ஒரு பெரிய துளி ஈயத்தை உருக்கி, அந்தத் துளிக்குள் இழையின் நுனியைச் சில நொடிகள் பிடித்திருந்தால் பூச்சு லேசாகப் புகைந்து கரைந்து, இழை வெள்ளிபோலப் பளபளப்பாகும். அதன் பிறகுதான் அது பற்றும். புகையை முகர வேண்டாம். சன்னலோரம் உட்கார்ந்து செய்யுங்கள். இழைகளோடு கலந்திருக்கும் நைலான் நூலைக் கத்தரித்துவிட வேண்டும். பின்னின் மூடியை வயரில் முன்கூட்டியே கோத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கீலுக்குள் அறுந்திருந்தால் வேலை சற்றுக் கூடுதல். அறுந்த துண்டை ஒட்டிவைப்பதில் பயனில்லை, ஈயம் பட்ட இடம் விறைத்துப் போய் அடுத்த மடிப்பிலேயே உடையும். ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணம் வரை புதிதாக ஒரே நீளத்தில், பல இழைகள் கொண்ட மெல்லிய சிலிக்கான் உறை வயரை இழுத்து, கீல் இருக்கும் இடத்தில் சிறிது தளர்வாக விட்டுச் செல்ல வேண்டும். உள்ளே வழி இல்லாவிட்டால் பட்டையின் வெளியே, கீலின் மேல் ஒரு சிறு வளையமாக வயரை விடலாம். பார்வைக்கு அழகாக இராது. ஆனால் எம்டிஆர்-7506இலேயே கீலின் பக்கத்தில் வயர் வெளியே தெரியும்படிதான் விட்டிருக்கிறார்கள் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இசை கேட்கிறது, பாடகரின் குரல் மட்டும் மறைந்துவிட்டது

இது பலரை ஏமாற்றும் அறிகுறி. இசைக் கருவிகள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். குரல் ஏறக்குறைய இராது. போனில் ஏதோ அமைப்பு மாறிவிட்டதென்று அதையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் மிக எளிது: பொது வயர் அறுந்திருக்கிறது. பொது வயர் இல்லாதபோது இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. இடது ஒலிக்கும் வலது ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அவற்றின் வழியே ஓடுகிறது. குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சம அளவில் பதிவதால் அது கழிந்து போய்விடுகிறது.

இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. மோனோவில் பதிவான பழைய திரைப்பாடலைப் போட்டால், அதில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் ஏறக்குறைய எதுவுமே கேட்காது. புதிய பாடலைப் போட்டால் பின்னணி மட்டும் கேட்கும். தாத்தா கேட்டால் ஊமை, பேரன் கேட்டால் பாதி ஒலி என்ற நிலையில் உள்ள ஹெட்போனுக்கு மல்டிமீட்டரே வேண்டாம். வேண்டுமென்றால் உறுதிசெய்துகொள்ளலாம்: நுனிக்கும் அடிக்கும் அளவு வராது, வளையத்துக்கும் அடிக்கும் வராது, நுனிக்கும் வளையத்துக்கும் இடையே மட்டும் இரண்டு ஸ்பீக்கர்களின் அளவும் கூட்டி வரும்.

வெட்டிப் புதுப் பின் போடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். தடித்த போன் கவர் பின்னை முழுதாக இறங்கவிடாமல் தடுத்தாலும் இதே அறிகுறிதான் வரும். கவரைக் கழற்றிவிட்டுச் செருகினால் தெரிந்துவிடும். மைக் உள்ள நான்கு பகுதிப் பின்னில், பொதுவுக்கும் மைக்குக்கும் உரிய இடங்கள் பழைய சில போன்களில் இன்றைய முறைக்கு மாறாக இருக்கும். அத்தகைய இணையில் மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் குரல் திரும்பி வரும். அப்படியானால் ஹெட்போனில் பழுதே இல்லை.

பாட்டு தானாக நிற்கிறது, தானாக ஓடுகிறது

வயரில் உள்ள பொத்தானுக்குள் வியர்வையோ மழைநீரோ இறங்கியிருக்கிறது. மின்விசிறிக்கு அடியில் ஒருநாள் காயவையுங்கள். மொட்டைமாடி வெயிலில் வேண்டாம், ஒட்டுப்பசை இளகிவிடும். காய்ந்த பிறகும் தொடர்ந்தால் உப்புப் படிந்து உள்ளே அரித்திருக்கிறது. வயரைக் கழற்றி மாட்டும் வகையென்றால் மைக் இல்லாத மூன்று பகுதி வயர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.

புளூடூத் ஹெட்போன் ஆன் ஆகவில்லை, அல்லது சார்ஜ் ஏறவில்லை

சார்ஜ் ஏறாத ஹெட்போனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடும் முன் சார்ஜர் வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள வயரில், எதிர்ப்பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகே சார்ஜர் மின்சாரத்தை விடும். விலை மலிவான பல ஹெட்போன்களில் சில்லறைக் காசை மிச்சம் பிடிக்க அந்த மின்தடையை வைப்பதில்லை. பழைய வகை அகலத் துளை கொண்ட சார்ஜரும் அதற்குரிய வயரும் போட்டால் அதே ஹெட்போன் உடனே சார்ஜ் ஏறும். இது பழுது அன்று, சிக்கனம்.

அப்படியும் உயிர் வரவில்லை என்றால் மீண்டும் கீலுக்குத்தான் வர வேண்டும். புளூடூத் ஹெட்போன்களில் பெரும்பாலும் பேட்டரி ஒரு கிண்ணத்திலும் சர்க்யூட் போர்டு மறு கிண்ணத்திலும் இருக்கும். பேட்டரியின் வயர்கள் தலைப்பட்டையின் வழியாகவே செல்லும். கீலில் அவை அறுந்தால் முழு ஹெட்போனும் செத்ததுபோல் கிடக்கும். மடக்கிய நிலையில் ஆன் ஆகி, விரித்தால் அணைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இதை பேட்டரி போய்விட்டதாக நினைத்துப் பேட்டரியை மாற்றுவது வீண் செலவு. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 3.7 வோல்ட்டை ஒட்டியோ முழு சார்ஜில் 4.2 வோல்ட்டோ காட்டி, மறுபக்கத்துப் போர்டில் எதுவும் காட்டாவிட்டால் வயர்தான். இந்த இழைகளை ஒன்றோடொன்று உரசவிட்டால் பேட்டரி சூடேறும் என்பதால், வேலை தொடங்கும் முன் பேட்டரியின் ஒரு முனையைப் பிரித்து டேப் சுற்றிவிட வேண்டும்.

லித்தியம் பேட்டரிகள் வழக்கமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றத் தகாதவை. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வண்டியின் டேங்க் கவரிலும் வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். அங்கிருந்து எடுத்த கையோடு சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். கிண்ணத்தின் மூடி ஓரம் விலகி, உள்ளே ஏதோ உப்பியதுபோல் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜ் ஏற்றக் கூடாது, அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மின்கழிவு வாங்குகிறவர்களிடம்தான் சேர்க்க வேண்டும்.

அடித்தொனி (பேஸ்) வரும்போது கரகரப்பு

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் ஒரு தலைமுடிதான். பஞ்சு மெத்தையைக் கடந்து உள்ளே போன முடி, ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வைத் தொட்டுக்கொண்டு நின்றால் தவில், மிருதங்கம் போன்றவற்றின் அடிகளில் மட்டும் உரசும். மெத்தையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நுனி மெல்லிய இடுக்கியால் முடியை எடுத்துவிடலாம். சவ்வைத் தொடாதீர்கள், காற்று பம்பால் ஊதாதீர்கள். லேத் பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ வேலை செய்கிறவர்களின் ஹெட்போனில் முடிக்குப் பதில் இரும்புத் துகள் இருக்கும். ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்து வைத்துக்கொள்வதால் தட்டினால் உதிராது. ஒட்டும் டேப்பின் நுனியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஒலி சன்னமாகிவிட்டது, மெத்தை உரிகிறது

இவை இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். கறுப்புச் செதில்களாகக் காதிலும் கழுத்திலும் ஒட்டும் அந்தப் பொருள் தோல் அன்று, துணியின் மேல் பூசப்பட்ட பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது தானாகச் சிதையும். உள்ளே உள்ள பஞ்சும் அதே வகைதான் என்பதால் சில ஆண்டுகளில் பொடியாகும். நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரமே நடக்கும். மெத்தை உரிந்து காதைச் சுற்றி அடைப்பு விட்டுப்போனால் அடித்தொனிதான் முதலில் வெளியேறும். ஸ்பீக்கரின் முன்னுள்ள வலையில் வியர்வையும் அழுக்கும் படிந்தாலும் ஒலி மந்தமாகும். உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் துடைத்தால் போதும்.

மெத்தையை மாற்றுவது எளிது: பழையதன் வெளி விட்டத்தை அளந்து வாங்கினால் போதும். போர்ட்டா புரோ போன்ற சிறிய ஹெட்போன்களுக்கு 50 மி.மீ. பஞ்சு பொருந்தும். புதிய மெத்தையை நெடுநாள் காப்பாற்ற, கழுவிப் போடக்கூடிய மெல்லிய துணியுறை ஒன்று தைத்து மாட்டலாம். பல முறை துவைத்து மிருதுவான பழைய சுங்குடிச் சேலைத் துணி இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. கனத்த துணி வேண்டாம், அடைப்புக் குறைந்து ஒலி மெலியும். சானிடைசரும் ஸ்பிரிட்டும் பூச்சை வறளச் செய்யும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

கீல் ஆடுகிறது, விரிசல் தெரிகிறது

ஆட்டம் மட்டும் என்றால் திருகை இறுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாகப் பதித்த திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை தேய்ந்து, பிறகு எப்போதும் நிற்காது. கீலில் கீச்சொலி வருகிறதென்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் எண்ணெயும் கொழுப்பும் நுண்விரிசலை விரைவுபடுத்தும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மாட்டுவதும் அதே பலனைத்தான் தரும். அவசியமென்றால் ஒரு பொட்டு சிலிக்கான் கிரீஸ் போதும்.

வளைவில் வெள்ளைக் கோடு தோன்றினால் அது விரிசலின் முதல் கட்டம். அன்றிலிருந்து மடக்குவதைக் குறைத்து, பைக்குள் நசுங்காத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டால் நெடுநாள் ஓடும். ஹெட்போனை ஒரு கையால் ஒரு பக்கம் இழுத்துக் கழற்றும் பழக்கம்தான் கீலை மிக வேகமாகக் கொல்வது; இரண்டு கிண்ணங்களையும் பிடித்துக் கழற்றுங்கள்.

உடைந்தே விட்டால் நிலைமை வேறு. கடையில் கொடுத்தால், “அண்ணே, வயரெல்லாம் மாத்திரலாம்ணே, கீலுக்குத்தான் ஸ்பேர் வர்றதில்ல” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நொடியில் ஒட்டும் பசையை நம்ப வேண்டாம். அது கண்ணாடிபோல் விறைப்பதால் அடுத்த அதிர்வில் விட்டுவிடும், வழிந்து கீலுக்குள் போனால் அதையும் இறுக்கிவிடும். இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசைதான் நிற்கும். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட, இரவு முழுக்க விடவேண்டிய வகை வலுவானது. உடைந்த முகங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பழைய குடைக் கம்பியில் ஒரு துண்டை எலும்புக்குக் கட்டும் பத்தைபோல் உள்ளே படுக்கவைத்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு கீலை மடங்கவைக்க முயலாமல், விரித்த நிலையிலேயே அதையும் சேர்த்து இறுக்கிவிடுவது என் யோசனை. அப்போது உள்ளே வயர் வளையும் இடமும் இல்லாமல் போகும் என்பதால், பையில் இனி அடங்காவிட்டாலும், வீட்டில் மேசைமீது வைத்துக் கேட்க அந்த ஹெட்போன் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பேருந்துக்கு வேறொன்று வாங்குவதானால், வயரைக் கழற்றி மாட்டும் வகையாகவும் கீலில் திருகு வெளியே தெரிவதாகவும் பார்த்து வாங்குங்கள்.